பொருத்தனையும் பெனால்டியும்

வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்திருக்கேன். நாப்பத்திமூணு வயசு ஆளு, அரசு பஸ்ஸுல கண்டக்டர், சபையில முன்வரிசை, ஞானசிகாமணி பிரதர்னா பாளையங்கோட்டையில நாலு பேருக்குத் தெரியும், அப்படிப்பட்டவன் பட்டப்பகல்ல பாத்ரூம் கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு, காதுல ஒயரைச் சொருகிக்கிட்டு, போனுல உலகக் கோப்பைக் கால்பந்து பாக்கேன். வயித்தக் கலக்குதுன்னு பொண்டாட்டி பிரிசிகிட்ட சொல்லிட்டு உள்ள வந்தேன். பொய்.  குழாயைக் கொஞ்சமாத் தொறந்து விட்டிருக்கேன், வெளிய கேட்டா ஆளு உள்ள இருக்கான்னு தெரியட்டும். எண்பத்தியாறு நிமிஷம் ஆயிட்டு. பச்சைச் சட்டைக்காரனுவ ஒண்ணு, வெள்ளைச் சட்டைக்காரனுவ ஒண்ணு. எந்த நாடுன்னு கேட்டா வாயில நுழையாத பேரு, எனக்கு அதுவா முக்கியம், எனக்கு அந்தப் பச்சைக் கோலிதான், வலை காக்கிற கோல்கீப்பர்தான் முக்கியம். நேத்து டிப்போவுல டீ குடிக்கும்போது எங்க டிரைவர் இன்னாசி போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி, அண்ணாச்சி, இந்தக் கோலி பாயுததப் பாருங்கன்னு காட்டிட்டான். ஒரு பத்து செகண்டு. வேண்டாம்னு தலையைத் திருப்பதுக்குள்ள பாத்துட்டேன். அவன் இடது பக்கம் போற மாதிரி இடுப்பைக் காட்டிட்டு வலது பக்கம் விழுந்தான், அது நான் செய்யுற வித்தை, ஜான்ஸ் மைதானத்துல பதினெட்டு வயசுல கோலியா நின்னு நான் செஞ்சது, என் கையி அப்படியே டீ கிளாசோட அசைஞ்சுது. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. இன்னைக்கு வார லீவு வேற. ஆண்டவரே, இந்த ஒரு ஆட்டம், இது முடிஞ்சா முடிஞ்சுதுன்னு சொல்லித்தான் வாளியில உக்காந்தேன், ஆனா அவருகிட்ட இப்படிப் பேரம் பேசுததுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. ஏன்னா ஏற்கெனவே ஒரு பேரம் இருக்கு.

பொருத்தனை. ஆண்டவருக்கு நேந்துக்கிட்டுக் கொடுத்த வாக்கு. எட்டு வருஷத்துக்கு முன்ன இதே மாதிரி ஒரு உலகக் கோப்பை நடக்கையில என் மக எமீமாள் பொறந்தா. ஏழு மாசத்துல பொறந்தா, என் உள்ளங்கைக்கு அந்தாண்ட நீளாத உடம்பு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒயரும் டியூபுமா கெடக்கா, நான் எங்க இருந்தேன்? ஆசுபத்திரி வரவேற்புக் கூடத்து டிவிக்கு முன்னால. செத்த நேரம்தான்னு நின்னேன். நர்சம்மா மூணு தடவ மாடியில இருந்து எறங்கி வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா, கையெழுத்து வேணும், பிள்ளைக்கு மூச்சு விட்டு விட்டு வருது. மூணு தடவையும் எனக்குக் கேக்கல. கோல் விழுந்த கூச்சல்ல எப்படிக் கேக்கும். நாலாவது தடவ அவா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. அன்னைக்கு அந்த மாடிப்படியில முழங்கால் போட்டுச் சொன்னேன், பிள்ளையத் தாரும், நான் பந்தை விட்டுருதேன், ஆடவும் மாட்டேன், பாக்கவும் மாட்டேன். பிள்ளையத் தந்தாரு. அவரு பேச்சை அவரு காப்பாத்தினாரு. அப்புறம் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன், நகை ஆகாதுன்னு மோதிரத்தக் கழத்தினேன், டிவியை வித்தேன், நடுவுல ஒரு உலகக் கோப்பை வந்து போச்சு, நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. அதை எத்தனை கூட்டத்துல சாட்சியா சொல்லியிருப்பேன். கைதட்டு வாங்கியிருப்பேன். இப்ப வாளியில உக்காந்திருக்கேன்.

எண்பத்தெட்டு. கூட்டத்துல எவனோ மேளத்தைப் போட்டு அடிக்கான், தொம் தொம் தொம்னு, காதுக்குப் பக்கத்துல அடிக்க மாதிரி இருக்கு. வெள்ளைச் சட்டைப் பயல் ஒருத்தன் கோல் பெட்டிக்குள்ள வந்து விழுந்தான். விழுந்தானா விழுந்த மாதிரி நடிச்சானா, எளவு, எளவுன்னு வாயில வந்துட்டு, ஸ்தோத்திரம், நடுவர் விசிலை ஊதிக் கையை நீட்டிட்டான். பெனால்டி. பச்சைக் கோலி ரெண்டு கையுறையையும் முத்தி வானத்தப் பாக்கான். அடிக்கப் போறவனும் பந்தை வச்சிட்டு நெத்தியில நெஞ்சுல சிலுவை போடுதான். ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்டத்தான் கேக்கானுவ. அவரு யாருக்குக் கொடுப்பாரு? எனக்கு அந்தக் காலத்துலயே இந்தச் சந்தேகம் உண்டு, வலைக்கு முன்னால நின்னு ஜெபம் பண்ணுவேன், எதிர எங்க சபைப் பையனே அடிக்க நிப்பான், அவனும் ஜெபம் பண்ணுவான், அதுல ஒருத்தன் கண்ணு தொறக்கும்போது தோத்திருப்பான். ஆனா கோலிக்கு ஒண்ணு தெரியும், மத்தவனுக்குத் தெரியாது. பெனால்டிக்கு நிக்கும்போது அந்த வலை ரொம்பப் பெருசாயிரும். ரெண்டு கையையும் நீட்டினாலும் ரெண்டு பக்கமும் வெறும் இடம் கெடக்கும். எல்லாவனும் தள்ளி நிப்பானுவ, நீ மட்டும்தான். எனக்குப் பயமா இருக்கு, அவனுக்காகவா எனக்காகவான்னு தெரியல. மேளம் இன்னும் அடிக்கான், ரெண்டு அடி, மூணு அடி, அப்புறம் நின்னுட்டு. அந்தப் பய ரெண்டு எட்டு பின்னால போறான், மூச்ச இழுக்கான், ஓடி வாரான், காலைத் தூக்குதான்.

நின்னு போச்சு. கால் தூக்கினபடி நிக்கான், நடுவுல ஒரு வட்டம் சுத்துது. நெட்டு இல்ல. போனைத் தூக்கிப் பிடிக்கேன், ஜன்னல் பக்கம் காட்டுதேன், ரெண்டு மூணு நிமிஷமா வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. காதுல இருந்த ஒயரைப் புடுங்கினேன். அப்பத்தான் கேட்டுது. என்னன்னா, ஒண்ணும் கேக்கல. குழாய்த் தண்ணி மட்டும். இந்த நேரத்துக்கு எமீமாள் வாய்ப்பாடு சொல்லணும், பிரிசி அடுக்களையில ஏதாவது பாட்டை முனங்கிக்கிட்டுப் பாத்திரத்த உருட்டணும், பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அவ கைப்பிள்ளைய ஏதாவது கொஞ்சணும், வாசல்ல இஸ்திரி வண்டிக்காரர் ரேடியோ போட்டிருக்கணும். ஒண்ணும் இல்ல. கூடவே ஒரு தீஞ்ச வாடை. பிரிசின்னு கூப்பிட்டேன், என் குரலு எனக்கே யாரோ மாதிரி இருந்துது. தாப்பாளைத் தொறந்து வெளிய வந்தா அடுப்பு எரியுது. பால் பொங்கி வழிஞ்சு சட்டியெல்லாம் கருத்துப் போய்க் கெடக்கு. பிரிசி பதினோரு வருஷத்துல ஒரு நாள் அடுப்பை விட்டு நகந்தவ இல்ல, கேஸை அணைச்சாச்சான்னு சபைக்குப் போற வழியில மூணு தடவ கேக்கிறவ. அடுப்பை அணைச்சேன். மேடையில பாதி நறுக்கின வெண்டைக்காய், பக்கத்துல கத்தி, கத்தி மேல காயோட வழவழப்பு காயக்கூட இல்ல. முன்னறைக்கு வந்தேன். வாசல்ல பிரிசி செருப்பும் எமீமாள் செருப்பும் ஜோடியா கெடக்கு. கட்டில்ல பிரிசி போனு. நோட்டுல ஏழாம் வாய்ப்பாடு, ஏழு ஏழு நாப்பத்தொன்பதோட நின்னு போயிருக்கு, பென்சில் அதுமேலயே கெடக்கு. அப்புறம் தரையில நடுவுல யூனிபாரம். கவுனு வட்டமா அப்படியே கீழ சரிஞ்சு கெடக்கு, உள்ள நின்ன பிள்ளைய மட்டும் யாரோ மேல உருவி எடுத்த மாதிரி.

எனக்குப் புரிஞ்சு போச்சு.  பாஸ்டர் ஜெபசிங் இதைத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சொல்லுதாரு, ஆண்டவர் திரும்ப வந்து ரட்சிக்கப்பட்டவங்களை மட்டும் உடம்போட மேல எடுத்துக்கிட்டுப் போயிருவாரு, மத்தவங்க நின்னுருவாங்கன்னு. வருகை இப்படித்தான் இருக்கும், மக்களே, பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கிறவ சோப்புக் கையோட போயிருவா, தண்ணி வடிஞ்சுக்கிட்டே இருக்கும், பக்கத்துல நிக்க புருசன் நின்னுக்கிட்டே இருப்பான். எக்காளம் தொனிக்கும், கேக்க வேண்டியவங்களுக்குத்தான் கேக்கும். எனக்குக் கேக்கல. நான் காதுல ஒயரை மாட்டியிருந்தேன். ஆண்டவர் வந்திருக்காரு, என் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்காரு, என் பொண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு, நான் வாளியில இருந்தேன். சீ, இருக்காது, கடைக்குப் போயிருப்பா. அடுப்ப எரிய விட்டுட்டா? வெறுங்காலோடயா? எத்தனை பேரை நான் விட்டுட்டுப் போயிருக்கேன். பஸ்ஸுக்குப் பின்னால கையை ஆட்டி ஆட்டி ஓடி வருவாங்க, பையைத் தூக்கிக்கிட்டு, பிள்ளைய இடுக்கிக்கிட்டு, பின்பக்கத் தகரத்துல தட்டுவாங்க, நான் லேட்டாயிட்டுன்னு ரெட்டை விசில் கொடுப்பேன். இன்னாசி கண்ணாடியில பாத்து, பாவம் அண்ணாச்சி, நிப்பாட்டட்டான்னு கேப்பான். நேரத்துக்கு வர வேண்டியதுதானன்னு நான் சொல்லுவேன். அவங்க மூஞ்சி சின்னதாகிக்கிட்டே போகும். இப்ப அந்த மூஞ்சி என் மூஞ்சி.

போன வருஷம் எமீமாள் இதே மாதிரி ஒரு நாள் பயந்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கா, வீடு தொறந்து கெடக்கு, பிரிசி பின்னால துணி காயப்போடப் போயிருக்கா, கட்டில்ல அவ கழத்திப் போட்ட சேலை கெடந்திருக்கு. நான் டூட்டி முடிச்சு வந்து பாத்தா பிள்ளை கட்டிலுக்கு அடியில சுருண்டு கெடந்து நடுங்குதா, பாவாடை நனைஞ்சிருக்கு. அம்மா போயாச்சு, என்ன விட்டுட்டாங்க, நான் மிஸ்ஸுகிட்ட பொய் சொன்னேன் அதான்னு சொல்லிச் சொல்லி அழுதா. நான் சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன். அந்த ஞாயித்துக்கிழமை அதைச் சாட்சியாவும் சொன்னேன், சபை சிரிச்சுது, பாஸ்டர் என் தோளைத் தட்டி, பிள்ளைக்கு எவ்வளவு தெய்வ பயம் பாருங்க பிரதர், நல்லா வளக்கீங்கன்னாரு. எமீமாள் ரெண்டாவது வரிசையில குனிஞ்சு உக்காந்திருந்தா. அதுல இருந்து அவளுக்கு ஒரு பழக்கம். அம்மா குளிக்கும்போது வெளிய நின்னு அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பா. விடியக்காலை முழிச்சா எட்டி என் காலைத் தொட்டுப் பாப்பா, இருக்கேனான்னு. பக்தி வளருதுன்னு நெனச்சேன். சவம், என்ன மனுசன் நான்.

பிள்ளை. பிள்ளைங்க எல்லாரும் போயிருவாங்கன்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு. எந்த சாதி, எந்த மதம்னு இல்ல, கைப்பிள்ளை அத்தனையும் போயிரும். அப்ப முத்துப்பேச்சி பிள்ளையப் பாத்தாத் தெரிஞ்சுரும். அஞ்சு மாசப் பிள்ளை, அது எங்க போகும், அது தொட்டில்ல கெடந்தா ஆண்டவர் வரல, அவ்வளவுதான. செருப்புப் போடாம ஓடினேன். அவ வீட்டுக் கதவு அகலத் தொறந்து கெடக்கு. முத்துப்பேச்சின்னு வாசல்லயே நின்னு கூப்பிட்டேன், பொம்பளை இருக்க வீடு, அந்த மரியாதை அந்த நேரத்துலயும் விடல. சத்தம் இல்ல. எட்டிப் பாத்தேன். சேலைத் தொட்டில் லேசா ஆடிக்கிட்டிருக்கு. உள்ள கையை விட்டுத் தடவினேன். துணி வெதுவெதுப்பா இருந்துது. பிள்ளை இல்ல. கீழ பால் பாட்டில் உருண்டு கெடக்கு. நான் அந்தத் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.

வாசலுக்கு வந்தா இஸ்திரி வண்டி நிக்கு, இஸ்திரிப்பெட்டி புகையுது, பாதி தேச்ச சட்டை கெடக்கு, சுடலைமுத்து அண்ணாச்சி இல்ல. அவரு எப்படிப் போனாரு? அவருக்கு எப்ப ரட்சிப்பு கெடைச்சுது? நான் நாலு தடவ துண்டுப் பத்திரிகை கொடுத்திருக்கேன், நாலையும் சட்டை மடிக்க அடியில வச்சாரு. அவரையே எடுத்துட்டு என்ன விட்டாருன்னா என் பேரு எவ்வளவு கீழ இருந்திருக்கும். பாஸ்டருக்குப் போன் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துது, எடுக்கல. திரும்பப் போட்டேன், எடுக்கல. பாஸ்டர் போனை எப்பவும் ரெண்டாவது மணியில எடுக்கிறவரு. அப்புறம் இன்னாசிக்குப் போட்டேன். இன்னாசி எடுத்தான். எடுப்பான்னு எனக்குத் தெரியும், சாயங்காலமானா தண்ணி போடுற பய, அவன் எங்க போவான். அண்ணாச்சி, நீங்களே போன் பண்ணுதீயளா, ஆட்டம் பாத்தியளான்னு கத்துதான், கோலி என்ன செஞ்சான் தெரியுமான்னு சொல்ல வந்தான். வச்சுட்டேன். இனி இந்த ஊருல நானும் இன்னாசியுமா. எனக்குச் சிரிப்பு வந்துது, சிரிச்சேனா அழுதேனா தெரியல, வாய் கோணிக்கிட்டுப் போச்சு.

வீட்டுக்குள்ள வந்து அந்த யூனிபாரத்துக்குப் பக்கத்துல உக்காந்தேன். அதைத் தொடவே பயமா இருந்துது, தொட்டா வட்டம் கலைஞ்சிரும். அப்புறம் எடுத்து மடியில வச்சேன். சாக்பீஸ் வாடை, வேர்வை வாடை, பையில பாதி கடிச்ச கொய்யாக்காய். கடிச்ச இடத்துல பல்லுத் தடம், முன்பல்லு விழுந்த ஓட்டையோட. இதுக்காகத்தான மாடிப்படியில முழங்கால் போட்டேன். நான் தாரேன்னு சொன்னதை நான் திருப்பி எடுத்தேன், அவரு தந்ததை அவரு திருப்பி எடுத்துக்கிட்டாரு, இதுல என்ன நியாயம் கேக்க முடியும். ஆண்டவரே, வேற எதையாவது எடுத்துக்கிடும். எதை? பந்தை ஒரு தடவ கொடுத்தாச்சு, மோதிரம் கொடுத்தாச்சு, கையில கொடுக்க ஒண்ணும் இல்ல. அப்புறம் என் வாயி தன்னால ஒரு ஜெபம் பண்ணுச்சு, நான் யோசிச்சுப் பண்ணல. ஆண்டவரே, நீர் வந்திருக்கக் கூடாது. வந்திராதேயும். இன்னைக்கு வேண்டாம், நாளைக்கும் வேண்டாம், எமீமாள் பெரிய பிள்ளையாகி, கல்யாணமாகி, அவ பிள்ளை எல்லாம் வளந்து, அதுவரைக்கும் வராதேயும். சொல்லிட்டு உறைஞ்சு போனேன். எட்டு வருஷமா கையைத் தூக்கிச் சீக்கிரம் வாரும் வாரும்னு சபையில எல்லாரையும் விடச் சத்தமாச் சொன்னவன் நான். அத்தனையும் வெறும் வாயி. உள்ள இருந்தது இதுதான். இதை அவரும் கேட்டிருப்பாரு. கன்னத்துல கண்ணீர் வழியுது, துடைக்கத் தோணல. பாத்ரூம்ல தண்ணி இன்னும் வடிஞ்சுக்கிட்டே இருக்கு.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. வாசல்ல ஸ்கூட்டர் நிக்க சத்தம் கேட்டுது. அப்புறம் ஒரு பிள்ளை அழுகுற சத்தம், நல்லாத் தொண்டையத் தொறந்து, வீறு வீறுன்னு. என் காதுக்கு அதை மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் கேட்டதில்ல. சுடலைமுத்து அண்ணாச்சி குரலு, பாத்து எறங்கும்மா, பிள்ளைத் தலையைப் பிடின்னு. முத்துப்பேச்சி விசும்புதா. பின்னால ஒரு ஆட்டோ நிக்கு, எமீமாள் எறங்குதா, பிரிசி வாரா, வெறுங்காலு, முக்காடு கழுத்துல கெடக்கு, கையில வெண்டைக்காய் பிசுபிசுப்பு. வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு என்னப் பாத்தா.  பிரிசி, பிரிசின்னு மட்டும் வாயில வருது.

"பால் பொரையேறி பிள்ளை நீலம் பூத்துப் போச்சுங்க," பிரிசி சொன்னா. "மூச்சே இல்ல. பைக்க எடுங்க, பைக்க எடுங்கன்னு கதவை எத்தனை தட்டு தட்டினேன். நானும் தட்டினேன், எமீமாளும் தட்டினா. ஒரு சத்தம் கொடுக்கலையே நீங்க. மயங்கி விழுந்துட்டீங்களோன்னு வேற எனக்கு. அங்க பிள்ளை போய்க்கிட்டிருக்கு, நான் யாரைப் பாக்க? கடைசியில அவருதான் இஸ்திரியப் போட்டுட்டு வண்டிய எடுத்தாரு. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லுதாங்க."

தொம் தொம் தொம். மேளம் எங்க அடிச்சுதுன்னு இப்பத் தெரிஞ்சுது. ரெண்டு அடி, மூணு அடி, அப்புறம் நின்னுட்டு. மூணு தடவ நர்சம்மா கூப்பிட்டது கேக்கல, இதுவும் கேக்கல. பிரிசி என் கையில இருந்த போனைப் பாத்தா. திரையில அந்த வெள்ளைச் சட்டைப் பய இன்னும் காலைத் தூக்கினபடி நிக்கான்.  அவ அடுக்களைக்குப் போயி கருகின சட்டியை எடுத்துத் தொட்டியில போட்டா, அப்புறம் பாத்ரூமுக்குப் போயி குழாயை அடைச்சா.

எமீமாள் மாத்தின வீட்டுப் பாவாடையோட வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. என் மூஞ்சியப் பாத்தா, மடியில கெடந்த யூனிபாரத்தப் பாத்தா, திரும்ப என் மூஞ்சியப் பாத்தா. எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த மூஞ்சி என்னன்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. மெதுவா வந்து எதிர உக்காந்தா. ஒரு விரலை நீட்டி என் காலைத் தொட்டா, காலையில தொடுவாள்ல, அதே மாதிரி.

"ஆண்டவர் இன்னும் வரலப்பா," மெதுவா சொன்னா, அம்மாவுக்குக் கேக்காம. "நாங்க ஆசுபத்திரிக்குத்தான் போனோம்."

நான் தலையை ஆட்டினேன். 

"நானும் அப்படித்தாம்பா நெனச்சேன். தட்டித் தட்டிப் பாத்தேன், நீங்க பேசலயா, தண்ணி மட்டும் ஓடிச்சா, நீங்க போயிட்டீங்க, நானும் அம்மாவும்தான் நின்னுட்டோம்னு நெனச்சேன். அதான் அம்மா சேலையப் பிடிச்சுக்கிட்டே போயிட்டேன்."

நான் போயிட்டேன்னு நெனச்சிருக்கா. என்னைப் போயி. அவளை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன், யூனிபாரத்தோட சேத்து.  என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டே சொன்னா.

"அடுத்த தடவ இப்படி வந்துச்சுன்னா நடுவுல உக்காராதீங்கப்பா. நடுவுல உக்காந்தா ரொம்பப் பயமா இருக்கும். கட்டிலுக்கு அடியில சுவரை ஒட்டிப் படுத்துக்கிடணும். நான் பாத்திருக்கேன், அங்க ரெண்டு பேருக்கு எடம் இருக்கு."